மெப்ரோபமேட்: அமைதி மாத்திரையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மனக்கலக்கம் மனிதனுக்குப் புதியதன்று. அதைத் தணிக்க அவன் தேடிய வழிகளும் பழமையானவையே. கள்ளும் அபினியும் பல நாடுகளில் அந்தப் பணியைச் செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைடு உப்புகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலார் பார்பிச்சுரேட் வகை மருந்துகளைத் தந்தனர். இவை யாவும் கலக்கத்தைக் குறைத்தன. ஆனால் அறிவையும் உடன் மங்கச் செய்தன. பார்பிச்சுரேட்டின் அளவு சற்றே கூடினால் உறக்கம் மயக்கமாகும், மயக்கம் மரணமாகும். அறிவு மங்காமல் கலக்கம் மட்டும் நீங்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் நெடுநாள் வேட்கை.

அந்த வேட்கையை நிறைவேற்றியதாக 1955-ஆம் ஆண்டில் பறைசாற்றப்பட்ட மருந்தே மெப்ரோபமேட். இன்று பதற்றத்திற்குரிய மருந்துகள் என்றவுடன் பென்சோடயசபின் குடும்பமே நினைவுக்கு வரும். அக்குடும்பம் கடைக்கு வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, அதனோடு உறவில்லாத வேறொரு பொருள் அமெரிக்க நாட்டை ஆட்கொண்டது. அது எவ்வாறு பிறந்தது, உடலில் என்ன செய்தது, ஏன் வீழ்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மருத்துவர் அல்லாத நாம் இதை அறிவதால் பயன் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். அதற்கு விடையை இவ்வரலாறே தரும்.

பெனிசிலினைத் தேடியவர் கண்டது

பிராங்க் பெர்கர் 1913-இல் இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். ஹிட்லரின் படை அந்நாட்டிற்குள் புகுந்தபோது இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். போர்க்காலத்தில் யார்க்க்ஷயர் பகுதியில் நுண்ணுயிர் ஆய்வாளராகப் பணியாற்றினார். பின்னர் இலண்டனில் பிரிட்டிஷ் டிரக் ஹவுஸஸ் என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் பெனிசிலின் அரிய பொருள். அதை உற்பத்தி செய்யும்போதே சிலவகை நுண்ணுயிர்கள் அதனை அழித்துவிட்டன. அந்த நுண்ணுயிர்களைக் கொன்று பெனிசிலினைக் காக்கும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது. வில்லியம் பிராட்லி என்ற வேதியியலார் பல சேர்மங்களை ஆக்கித் தர, அவை தீங்கற்றவையா என்று பெர்கர் சுண்டெலிகளில் சோதித்தார். அவற்றுள் ஒருவகைச் சேர்மங்கள் விந்தையான விளைவைக் காட்டின. ஊசி போடப்பட்ட சுண்டெலிகளின் தசைகள் தளர்ந்தன. மல்லாக்கப் போட்டால் அவை புரண்டு எழவில்லை. ஆயினும் கண்கள் திறந்தே இருந்தன, நினைவு தவறவில்லை. சிறிது நேரத்தில் அவை எழுந்து பழையபடி ஓடின.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததைப் புறந்தள்ளாமல் கூர்ந்து நோக்கியதே பெர்கரின் சிறப்பு. அவரும் பிராட்லியும் இவ்வகையில் தேர்ந்தெடுத்த பொருள் மெபனெசின் எனப்பட்டது. 1946-இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவ்விலங்குகளின் நிலையை அமைதி என்ற பொருள்பட வருணித்தனர். ஆனால் மெபனெசினுக்குக் குறைகள் இருந்தன. அதன் விளைவு விரைவில் மறைந்தது. மூளையை விடத் தண்டுவடத்தையே அது மிகுதியாகத் தாக்கியது.

1947-இல் பெர்கர் அமெரிக்கா சென்றார். 1949-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் கார்ட்டர் நிறுவனத்தின் கிளையான வாலஸ் ஆய்வகத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். ஈரல் மாத்திரைகள் விற்றுப் பெயர்பெற்ற நிறுவனம் அது. அங்குப் பெர்னார்ட் லுட்விக் என்ற வேதியியலாருடன் சேர்ந்து, மெபனெசினை விட நீண்ட நேரம் வேலை செய்யும் பொருளைத் தேடினார். 1950 மே மாதத்தில் மெப்ரோபமேட் உருவாயிற்று.

பெயர் செய்த வேலை

மருந்து பிறந்துவிட்டது, அதற்கு எந்த இனப்பெயரைச் சூட்டுவது? உறக்கமூட்டி என்றால் பத்தோடு பதினொன்றாகும். உலகுக்கு இன்னொரு உறக்கமூட்டி வேண்டியதில்லை, வேண்டுவது அமைதியே என்று மனநல மருத்துவர் நேத்தன் கிளைன் அறிவுரை கூறியதாகப் பெர்கர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். அமைதியூட்டி என்று பொருள்படும் டிராங்குவிலைசர் என்ற சொல் அப்பொழுதுதான் மருத்துவர் நாவில் பழகி வந்தது. நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்திச் செடியிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் விளைவைக் குறிக்கவே அச்சொல் முதலில் பரவியது. இப்பொழுது மெப்ரோபமேட்டும் அந்தப் பெயரைத் தாங்கிற்று.

வணிகப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஆய்வகத்தின் அருகில் மில்ட்டவுன் என்ற சிற்றூர் இருந்தது. ஊர்ப்பெயரை அப்படியே வணிகக் குறியாகப் பதிய இயலாது என்பதால் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றை நீக்கி மில்டவுன் என்று வைத்தனர். வையத் நிறுவனம் அதே பொருளை ஈக்குவனில் என்ற பெயரில் விற்றது.

அம்மருந்தின் இயல்பைக் காட்டப் பெர்கர் ஒரு திரைப்படம் எடுத்தார். மருந்துண்ணாத குரங்குகள் சீறின. பார்பிச்சுரேட் உண்டவை நினைவிழந்து கிடந்தன. மெப்ரோபமேட் உண்டவை விழித்தபடியே சாந்தமாக இருந்தன. படம் கண்டவர் வியந்தனர். 1955 மே மாதத்தில் மில்டவுன் விற்பனைக்கு வந்தது.

பிறகு நிகழ்ந்தது மருந்துக்கடைகள் அதுவரை காணாத காட்சி. கையிருப்பு இல்லை என்றும், நாளை கிடைக்கும் என்றும் கடை வாயில்களில் அட்டைகள் தொங்கின. ஹாலிவுட் நடிகர்கள் விருந்துகளில் அதைப் பற்றிப் பேசினர். நகைச்சுவை நடிகர் மில்ட்டன் பெர்ல் தம் பெயரை மில்டவுன் பெர்ல் என மாற்றிக்கொள்ளப் போவதாகத் தொலைக்காட்சியில் சொல்லிச் சிரிக்க வைத்தார். 1958-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மாநாட்டில், இம்மருந்தின் பெருமையைக் கூறும் கூட்டுப்புழு வடிவிலான காட்சிக்கூடம் ஒன்றைப் புகழ்பெற்ற ஓவியர் சால்வடோர் டாலி அமைத்தார். 1957-க்குள் இம்மருந்துக்காக அந்நாட்டில் எழுதப்பட்ட மருத்துவச் சீட்டுகள் 3 கோடியே 60 இலட்சம் என்பர். அமெரிக்கரில் இருபதின்மருக்கு ஒருவர் இவ்வகை மாத்திரையைச் சுவைத்துப் பார்த்தவராக இருந்தார்.

உடலில் அது செய்வது என்ன?

மெப்ரோபமேட் கார்பமேட் என்ற வேதியினத்தைச் சார்ந்தது. வழக்கமான மாத்திரை 400 மில்லிகிராம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கொடுப்பர். விழுங்கிய ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். ஈரல் அதைச் சிதைக்கிறது; சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

மூளையில் அதன் வேலை எவ்வாறு நிகழ்கிறது என்பது அதை ஆக்கியவர்களுக்கே அன்று தெரியாது. மெப்ரோபமேட் பிறந்த அதே 1950-இல்தான், மூளையில் காபா என்ற பொருள் இருப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தனர். நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் கடிவாளம் அது என்பது பின்னரே தெளிவாயிற்று. குதிரையையும் கடிவாளத்தையும் ஒரே ஆண்டில் கண்டும், இரண்டிற்கும் உள்ள தொடர்பை அறியப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இத்தொடர்பை வகுப்பறை உவமை ஒன்றால் விளக்கலாம். நரம்பணுவின் மேற்புறத்தில் குளோரைடு என்ற மின்னூட்டத் துகள் நுழையும் கதவு ஒன்று உண்டு. காபா என்பது அக்கதவின் சாவி. சாவி திரும்பினால் கதவு திறக்கும், துகள்கள் உள்ளே செல்லும், நரம்பணு அடங்கும். பென்சோடயசபின் மருந்துகள் சாவி எளிதாகத் திரும்ப எண்ணெய் இடுவன போன்றவை. சாவி இல்லாவிடில் எண்ணெயால் மட்டும் கதவு திறவாது. மெப்ரோபமேட்டோ பார்பிச்சுரேட்டின் வழியைப் பின்பற்றுகிறது. குறைந்த அளவில் சாவிக்குத் துணை செய்கிறது. அளவு மிகுந்தால் சாவியே இல்லாமல் கதவைத் தள்ளித் திறந்துவிடுகிறது. 1997-இல் வெளியான ஆய்வொன்று இதனைக் காட்டிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று, உயிரைத் தொடுவது. இயற்கை வைத்த எல்லையை மீறிக் கதவு திறந்தால் மூச்சை இயக்கும் நரம்புகளும் அடங்கிப் போகும். மதுவோடு சேர்ந்தால் இந்த ஆபத்து பன்மடங்காகும். அளவுக்கு மீறி விழுங்கிய மாத்திரைகள் இரைப்பையில் ஒட்டிக் கட்டியாகி, பிழைத்தார் என்று எண்ணிய நோயாளியை மீண்டும் மயக்கத்தில் ஆழ்த்துவதும் உண்டு. பென்சோடயசபினுக்குரிய மாற்றுமருந்தான புளுமசெனில் இங்கே பயன்படாது.

ஐயம் எழுந்தது

புகழ் உச்சியில் இருந்தபோதே ஐயக் குரல்களும் எழுந்தன. 1958-இல் ஹெய்ஸ்லிப், யூயிங் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனை நோயாளிகளுக்குப் பல வாரங்கள் மிகை அளவில் மெப்ரோபமேட் கொடுத்து, பின் திடீரென நிறுத்தினர். பெரும்பாலோர் உறக்கமின்மை, நடுக்கம், வாந்தி முதலியவற்றால் துன்புற்றனர். சிலருக்கு வலிப்பே வந்தது. பார்பிச்சுரேட்டை நிறுத்தியவர் படும் துன்பமும் இதுவே. அதே ஆண்டில் லேட்டீஸ், வைஸ் என்ற இருவர், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். புகழுக்கு ஏற்ற சான்று அவற்றில் இல்லை என்று கண்டனர். பல ஆய்வுகளில் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையே பின்பற்றப்படவில்லை.

1965 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நூற்குழுவினர் மெப்ரோபமேட்டை அமைதியூட்டிகளின் பட்டியலிலிருந்து நீக்கி, உறக்கமூட்டி என்று வகைப்படுத்தினர். மருந்து மாறவில்லை, அதன் மூலக்கூற்றில் ஓர் அணுவும் கூடவோ குறையவோ இல்லை. மாறியது பெயர் மட்டுமே. பத்தாண்டுகளுக்கு முன் எந்தப் பெயரைத் தவிர்த்து மருந்து சந்தைக்கு வந்ததோ, அந்தப் பெயரே அதற்கு வந்து சேர்ந்தது. 1967 டிசம்பரில் உற்பத்திக்கும் விநியோகத்திற்கும் கணக்கு வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது.

அதற்குள் சந்தை வேறு கைக்குப் போய்விட்டது. 1960-இல் லிப்ரியமும் 1963-இல் வாலியமும் வந்தன. இவை பென்சோடயசபின் குடும்பத்தின் முதற்பிள்ளைகள். தனித்து உண்டால் இவை உயிரைப் பறிப்பது அரிது என்பது உண்மையே. ஆனால் இவையும் பழக்கத்திற்கு அடிமையாக்கும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் சென்றன. முதல் பாடத்தை மறந்தவர்கள் இரண்டாம் முறையும் அதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது.

1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பஸ்பிரோன் வேறு வழியில் வந்தது. அது காபாவின் கதவைத் தொடுவதில்லை. செரட்டோனின் என்ற பொருளுக்குரிய ஏற்பிகளில் வேலை செய்கிறது. அடிமைப்படுத்துவதில்லை, உறக்கமும் அவ்வளவாக வருவதில்லை. ஆனால் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். விழுங்கியவுடன் இதம் காணப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை எளிதில் வாய்க்கவில்லை. விரைவாக அமைதி தரும் பொருளே விரைவாகப் பிணிக்கும் பொருளாகவும் இருப்பதை இங்கே நினைவிற் கொள்ளல் தகும்.

நாம் அறியத்தக்கது

ஐரோப்பாவில் மெப்ரோபமேட் நெடுங்காலம் நீடித்தது. 2012 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை, வாய்வழி உட்கொள்ளும் மெப்ரோபமேட்டின் விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. நலந்தரும் அளவுக்கும் தீங்குதரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, முதியோர் தவறுதலாகவே ஆபத்துக்குள்ளாகலாம் என்பவை அது கூறிய காரணங்கள். 1955-இல் குறுகியிருந்த அந்த இடைவெளியே 2012-லும் குறுகியிருந்தது. அதை அறிந்து செயற்பட ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றில் தீயவர் என்று சுட்டத்தக்கவர் எவருமிலர். பெர்கர் நேர்மையான ஆய்வாளர்; 2008-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தார். நோயாளிகள் நிவாரணம் தேடினர். மருத்துவர் அதைத் தர விழைந்தனர். குறை எங்கே நேர்ந்தது? ஒரு பொருளின் பெயரையே அதன் குணத்திற்குச் சான்றாக எடுத்துக்கொண்டதில் நேர்ந்தது. அமைதியூட்டி என்ற சொல் காதில் விழுந்ததும், அது வேறு எதைச் செய்கிறது என்ற வினா நாவில் எழாமற் போயிற்று.

சொல்லைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்கள் இதனை மற்றவரினும் நன்கு உணர்வர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இலக்கண வகுப்போடு முடிந்துவிடக் கூடாது. மாத்திரை உறையில் அச்சிட்ட பெயரைப் படிக்கும்போதும் அது துணை நிற்க வேண்டும். இந்த மருந்து எவ்வளவு காலத்திற்கு? மற்ற மருந்துகளோடும் மதுவோடும் சேர்ந்தால் என்ன ஆகும்? நிறுத்தும்போது எவ்வாறு நிறுத்துவது? இம்மூன்று வினாக்களையும் மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நாள்பட உண்ட இவ்வகை மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் கூடாது. மருத்துவர் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். மெப்ரோபமேட்டை நம்பி உண்ட எத்தனையோ பேர் துன்புற்றுத் தெரிந்துகொண்ட உண்மை இது. நாம் அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.