கட்டுமரமும் கட்டுத்துறையும்

சென்ற மாதம் எங்கள் குண்டடத்தில் ஒரு விழா மேடை. பேச வந்தவர் இரண்டு செய்திகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். இரட்டை உடல் கொண்ட படகைக் கண்டுபிடித்தவர்கள் சோழர்கள், அதன் பெயர்தான் கட்டுமரம், அதில் ஏறித்தான் இராசேந்திரன் கடாரம் வென்றான் என்பது ஒன்று. மெரினா என்பது தூய தமிழ், ‘மறி’யும் ‘நா’வும் சேர்ந்த சொல், நாவாய்களை மறித்து நிறுத்தும் இடம் என்பது மற்றொன்று. கூட்டம் மகிழ்ந்து கலைந்தது. எனக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

அதே வாரம் என் அக்கா மகனிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. கரீபியன் கடலில் செயின்ட் லூசியா தீவுப் பக்கம் நண்பர்களோடு படகு வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறான். “ஏனுங்க மாமா, இங்க ராத்திரி படகைக் கட்டிப்போடற எடத்துக்கு மெரினான்னு பேருங்க. படகு எத்தனை அடி நீளமோ அத்தனைக்கு வாடகை. கட்டுமரம்னா ஒண்ணரைப் பங்கு கேக்கறாங்க. நம்ம பேரு வெச்சதுக்கா மாமா தண்டம்?”

பெயருக்கு இல்லை, அகலத்துக்கு. இரண்டு உடல் கொண்ட படகு, ஒற்றைப் படகு நிற்கும் இடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர்க் குழாய், மின்சாரம், டீசல், குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் அந்தத் துறையில் உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் கரைக்கு வருவார்கள். (நங்கூரம் பாரசீக ‘லங்கர்’. அதைத் தமிழாக்கிக் காட்டவும் சிலர் முயல்கிறார்கள். வீண் வேலை.)

கட்டுமரத்துக்கு வருகிறேன். சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. கட்டிய மரம், அவ்வளவுதான். மூன்று முதல் ஏழு வரை கனமில்லாத மரங்களைச் செதுக்கி, முன்புறம் சற்று மேலே வளையும்படி சேர்த்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. எங்கள் பக்கம் இப்போது ஒட்டுப்பலகைக்காக நடுகிறார்களே மலைவேம்பு, அதன் மரமும் இதற்கு உதவியது. அலையில் மேலேறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப் போகும்; உள்ளே நிற்க அதற்கு வயிறே இல்லை. அதனால் மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள். சுருங்கச் சொன்னால், கட்டுமரம் துறையில் ‘தங்கும்’ கலமே அன்று. கரையேறி அவிழும் கலம். இரட்டை உடலுக்கும் இதற்கும் என்ன உறவு?

இனிக் கடாரம். 1025இல் நடந்த அந்தப் படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தி ‘கலம்’ என்கிறது. யானையையும் குதிரையையும் படையையும் ஏற்றிச் செல்வது கலம். மீன்வலையோடு இரண்டு பேர் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவது கட்டுமரம். சங்கப் பாடல்களிலும் நாவாய், வங்கம், அம்பி, திமில், தோணி, பஃறி என்று எத்தனையோ உண்டு. கட்டுமரத்தின் மூத்த உறவைத் தேடினால் ‘புணை’யிடம்தான் போக வேண்டும். கணியன் பூங்குன்றனார் புறநானூற்று 192ஆம் பாட்டில் வாழ்க்கைக்கு உவமையாகக் கொண்டாரே, அந்தப் புணை. புணைதல் என்றாலும் கட்டுதல்தான். சொல் மாறியது, கயிறு மாறவில்லை.

சொல் கடல் கடந்ததும் உண்மை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்த மரக்கட்டு மிதவையைக் ‘கேட்டமரான்’ என்றே எழுதினார். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்கும். கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அலையைக் கிழித்துப் போய்க் கொடுத்து வருவார்கள். வெள்ளையர் அந்தத் துணிச்சலைப் பார்த்து வியந்தார்கள்; சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சொல் தன் போக்கில் அலைந்தது. 1804இல் பூலோன் துறையில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் அதே பெயர். சண்டைக்கார மூதாட்டியைக்கூட ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னார்கள். 1876இல் நத்தானியல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டைப் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் அந்த வகையையே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். அவர் வழியாகத்தான் நம் சொல் இரட்டைப் படகின் மேல் நிலையாக ஒட்டிக்கொண்டது. ஆனால் இரட்டை உடலின் மூலவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினீசியரும் அவர்களின் முன்னோரும். அவர்கள் உழைப்பைப் பிடுங்கிச் சோழன் தலையில் சூட்டுவது சோழனுக்கே இழுக்கு. நம் கரை மீனவரான பட்டினவர் கண்ட கயிற்று வித்தையையும் அது மறைத்துவிடுகிறது. எனக்கு வலிப்பது அதுதான்.

கரீபியனும் உலகுக்குச் சொல் கொடுத்த கடல்தான். ‘கனூ’ என்ற படகுப் பெயர் அத்தீவுகளின் தாய்னோ மக்களுடையது. ‘ஹரிக்கேன்’ என்ற சூறாவளிப் பெயரும் அவர்களுடையதே. அந்தச் சூறாவளிக்கு அஞ்சித்தான் ஜூன் தொடங்கி நவம்பர் வரை படகுக்காரர்கள் தெற்கே கிரனடா பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறார்கள்.

மெரினா? இத்தாலியச் சொல், கடற்கரை என்று பொருள். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் கரையோர நடைபாதை அமைத்து, சிசிலி நினைவில் அந்தப் பெயரை இட்டார். படகைக் கட்டி நிறுத்தும் இடம் என்ற பொருளை அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கம் 1928இல்தான் கொடுத்தது. ஆகவே நம் மெரினாவில் மணல் இருக்கிறது. கட்டி நிற்கும் படகு இல்லை. ‘மறிநா’ இதோடு தீர்ந்தது.

ஆனால் தமிழில் அந்த இடத்துக்குச் சொல் இல்லையா? பட்டினப்பாலையைத் திறந்தால் போதும். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய பஃறிகளை, கொட்டிலில் நிற்கும் குதிரைகளைப் போல வரிசையாகப் பிணித்திருக்கிறார் உருத்திரங்கண்ணனார். அதே பாட்டில் புகார்த் துறையில் அசையும் நாவாய்கள், கட்டிய தறியை அசைக்கும் களிற்றைப் போல் ஆடுகின்றன. ‘தூங்கு நாவாய்’ என்பது பாட்டின் சொல். அங்கே தூங்குதல் உறங்குதல் அன்று, அசைதல்; தொட்டிலும் அப்படித்தானே தூங்குகிறது. நாவாய்கள் நெருங்கி நிற்கும் இடத்தை அவர் ‘இருக்கை’ என்கிறார். சிலப்பதிகாரம் யவனர் குடியிருந்த பகுதிக்கும் ‘இருக்கை’ என்ற சொல்லையே ஆள்கிறது. கலமும் மனிதனும் தங்குவதற்கு ஒரே சொல். புறநானூற்று 30ஆம் பாட்டு, பாயும் பாரமும் குறைக்காமலே ஆற்றுமுகத்தில் நுழையும் பெருங்கலத்தைச் சொல்கிறது. அத்தனை ஆழமான துறை நம்மிடம் இருந்தது.

துறையை ‘நிலத்தைத் துறக்கும் இடம்’ என்று பிரிப்பாரும் உண்டு. ஒப்பேன். குளிக்கும் துறையிலும் வண்ணான் துறையிலும் இறங்கியவர் திரும்பி ஏறுகிறார். யாரும் எதையும் துறப்பதில்லை. இறங்கும் வழிதான் துறை. அகத்துறை, புறத்துறை என்பனவும் வழிகளே.

உருத்திரங்கண்ணனாரின் குதிரை, களிறு என்ற இரண்டு உவமைகளையும் குண்டடத்துக்காரன் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வான். காங்கேயம் காளையை முளையடித்துக் கட்டும் இடம் எங்களுக்குக் கட்டுத்தரை. என் கணிப்பில் அது ‘கட்டு’ம் ‘தரை’யும் அன்று, ‘தறி’ நட்ட இடமாதலால் தறை, பின்பு வாய்மொழியில் தரை. வெட்டி நட்ட கம்பு தறி, தறித்தல் வெட்டுதல். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் அதுதான். பல்லடம் சாலை நெடுக இரவும் பகலும் ஓடுகின்றனவே, அந்த விசைத்தறிகளின் தறியும் மண்ணில் நட்ட கம்புகளில் பிறந்த பெயர்தான். இதை மறுப்பவர் ‘தரா’ என்ற வடசொல்லைக் காட்டுவார்கள். மாட்டைக் கட்டத் தரை மட்டும் போதாது, தறி வேண்டும் என்று எங்கள் பண்ணையாளே சொல்லிவிடுவார்.

கடல் எங்களுக்கு இரு பக்கமும் தொலைவு. உப்பாறு அணையில் நீர் நின்றாலே எங்களுக்குத் திருவிழா. ஆனாலும் எங்கள் ஊர் வடுகநாதர் கோயில் கதை மிளகுப் பொதியோடு வந்த வணிகனைச் சொல்கிறது. பயறு என்று பொய் சொன்னான், மிளகு பயறாகிவிட்டது. முசிறியில் யவனர் பொன் கொடுத்து வாங்கிய மிளகு அகநானூற்று 149ஆம் பாட்டில் இருக்கிறது. பொதிமாடும் நாவாயும் ஏற்றியது ஒரே சரக்கு. மாட்டைக் கட்டியவனும் கலத்தைக் கட்டியவனும் ஒரே வினைச்சொல்லைத்தான் பேசியிருப்பார்கள்.

அக்கா மகனுக்கு அன்றே மறுமொழி அனுப்பினேன். “மாப்ள, அதுக்கு மெரினாவும் வேண்டாம், மறிநாவும் வேண்டாம். அது படகுக் கட்டுத்துறைங்க. கயித்தை நல்லா இறுக்கிக் கட்டிட்டுச் சாப்பிடப் போங்க.”