மோடத்தின் நினைவில் ஒரு தொலைபேசி இணைப்பகம்

இந்தியாவின் இணைய வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1995 ஆகஸ்டு 15-ஐத் தொடக்கமாகக் கொள்கின்றனர். விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நாள் அது. ஆயின் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே, 1986-இல், மத்திய அரசின் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியிருந்தது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும், ஐந்து ஐ.ஐ.டி.களும் அதில் பங்கேற்றன. அம்மையத்துக்கும் பம்பாய் ஐ.ஐ.டி.க்கும் இடையே தொடக்க கால மின்னஞ்சல்கள் தொலைபேசி அழைப்பின் வழியாகவே சென்றன.

அந்தப் பத்தாண்டு நமக்கு அறிக்கைகளில் பெயர்களாகவும் தேதிகளாகவும் கிடைக்கிறது. ஒரு மடலை அடுத்த நகருக்கு அனுப்ப, இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பது அவற்றில் இல்லை. அதற்கான சான்று ஒன்றை அண்மையில் எதிர்பாராத இடத்தில் கண்டேன்: கழிவுக்குப் போகவிருந்த ஒரு பழைய மோடத்தின் நினைவகத்தில்.

அது தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த, வினாடிக்கு 2400 பிட் வேகமுள்ள வெளிப்புற மோடம். அதைப் பேசவைக்க ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையோடு இணைத்தேன். முதல் தடை மின்னழுத்தம். பலகையின் சீரியல் ஊசிகளில் 0 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே உண்டு. மோடம் பின்பற்றும் ஆர்.எஸ்.-232 தரநிலை 1960-இல் அமெரிக்காவில் உருவானது. அதில் ‘1’ என்பது −3 முதல் −15 வோல்ட் வரை, ‘0’ என்பது +3 முதல் +15 வோல்ட் வரை. அளவு மட்டுமன்றித் திசையும் தலைகீழ். நேரடியாக இணைத்தால் பலகை பழுதாகிவிடும்; இடையில் மேக்ஸ்3232 போன்றதொரு மாற்றுச் சில்லு வேண்டும். அத்தரநிலையில் ‘1’-க்கு ‘மார்க்’, ‘0’-க்கு ‘ஸ்பேஸ்’ என்று பெயர். இரண்டும் தந்திக்காரர்களின் சொற்கள். லினக்ஸ் இன்றும் தன் சீரியல் வாயிலை ‘டி.டி.ஒய்.’ என்றே அழைக்கிறது. அது டெலிடைப் என்பதன் சுருக்கம்.

மாற்றுச் சில்லைப் பொருத்தி ‘ஏடி’ என்று தட்டச்சு செய்தேன். ‘ஓகே’ என்று மறுமொழி வந்தது. ஆனால் துறையின் இன்டர்காம் எண் ஒன்றை அழைக்கச் சொன்னபோது மோடம் மறுத்துவிட்டது. நான் இணைத்திருந்தவை அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரைக் கம்பி ஆகிய மூன்றுதான். ‘முனையம் தயார்’ என்று அறிவிக்கும் டி.டி.ஆர். கம்பி இல்லை. அந்தக் கம்பி ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பின்னும் ஒரு வரலாறு உண்டு. ஆர்.எஸ்.-232 உருவான காலத்தில் அமெரிக்காவில் கணினி வாடிக்கையாளருடையது. மோடம் தொலைபேசி நிறுவனத்துடையது. பிறருடைய கருவிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கத் தடை இருந்தது. 1968-இன் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பே அத்தடையைத் தளர்த்தியது. ஆகவே அந்த இணைப்பான் இரு உடைமைகளுக்கு இடையிலான எல்லைக்கோடாகவும் இருந்தது. எல்லையின் இருபுறமும் ஒன்றையொன்று தயாரா என்று கேட்டுக்கொள்ளத் தனிக் கம்பிகள் வேண்டியிருந்தன. டி.டி.ஆர்.-ஐப் பொருட்படுத்தாதே என்னும் ‘ஏடி&டி0’ கட்டளையைக் கொடுத்ததும் மோடம் இணங்கியது.

இவ்வாறு கட்டளையிட முடிவதே 1981-இன் மாற்றம். அதற்கு முன்னர் எண்ணைக் கையால் சுழற்ற வேண்டும். அல்லது அதற்கெனத் தனிக் கருவி வைக்க வேண்டும். டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் உருவாக்கிய ஸ்மார்ட்மோடம், தரவு செல்லும் அதே கம்பியிலேயே கட்டளைகளையும் ஏற்றது. பின்வந்த மோடம்கள் தமக்கு இடப்பட்ட அமைப்புகளை மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் சேமித்தன. வரலாற்றாசிரியருக்கு இது முக்கியம்: மோடம் எழுதப்படக்கூடிய பொருளாயிற்று, எழுதப்பட்டது படிக்கப்படவும் கூடும்.

‘ஏடி&வி’ என்னும் கட்டளை அந்த அமைப்புகளைக் காட்டும். என் திரையில் வந்த வரிகளுள் மூன்று குறிகள் தொழிற்சாலை இட்டவை அல்ல. யாரோ ஒருவர் மாற்றியவை.

முதலாவது, ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பி’. டோன் முறையில் அன்றி, பழைய சுழல்தட்டுத் தொலைபேசியைப் போலத் துடிப்பு முறையில் எண்ணை அனுப்பு என்பது இதன் பொருள். அன்று இந்திய நகரங்களில் ஸ்ட்ரோஜர், கிராஸ்பார் இணைப்பகங்கள் இன்னும் பணியில் இருந்தன. ஸ்ட்ரோஜருக்குத் துடிப்பு மட்டுமே புரியும். வினாடிக்குப் பத்துத் துடிப்புகள். 0-வுக்கு மட்டுமே ஒரு முழு வினாடி. நேரடி வெளியூர் எண்கள் யாவும் 0-வில்தான் தொடங்கின.

இரண்டாவது, ‘எக்ஸ்3’. டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணை அனுப்பு என்பது இதன் பொருள். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளின் கலவை. இந்தியாவினுடையது 25 ஹெர்ட்ஸில் அலையும் 400 ஹெர்ட்ஸ் ஒலி. அமெரிக்கச் செவியோடு வந்த மோடத்துக்கு நம் இணைப்பகத்தின் குரல் கேட்கவில்லை. காதை மூடிக்கொண்டு அழைக்கும்படி ஒருவர் அதற்குக் கற்பித்திருக்கிறார்.

மூன்றாவது, எஸ்7 என்னும் பதிவேட்டில் 90. மறுமுனை மோடத்தின் ஒலிக்காக எத்தனை வினாடி காத்திருப்பது என்பதை இது குறிக்கும். ஹேய்ஸ் மரபில் இதன் தொடக்க மதிப்பு 30. மூன்று மடங்கு பொறுமையைக் கற்றுக்கொடுத்த அந்தக் கை, எத்தனை தோல்விகளுக்குப் பின் இந்த எண்ணுக்கு வந்திருக்கும்! எர்நெட்டின் தொடக்க கால அஞ்சல் யூ.யூ.சி.பி. என்னும் முறையைச் சார்ந்திருந்ததன் காரணமும் இங்கே விளங்குகிறது. அது மடல்களைச் சேர்த்துவைத்து, இணைப்பு கிடைக்கும்போது அனுப்பும். கிடைக்காவிட்டால் மீண்டும் முயலும்.

இச்சான்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். அமைப்புகளை மாற்றியவர் ஒருவரா பலரா, எந்த ஆண்டில் என்பதை மோடம் சொல்லாது. தொலைபேசிக் கட்டண ரசீதுகள், இருப்புப் பதிவேடுகள், அன்று பணியாற்றியோரின் நினைவுகள் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே இதன்மீது முடிவுகளைக் கட்ட இயலும். எனினும், இறக்குமதியான ஒரு தரநிலையை இந்தியத் தொலைபேசிக் கம்பிக்கு இணங்கவைத்த பெயரறியாப் பணியாளரின் கைத்தடம் வேறெந்த ஆவணத்திலும் இவ்வளவு துல்லியமாக எனக்குக் கிடைத்ததில்லை.

ஆதலால் ஆய்வு மாணவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் துறைக் கிடங்கில் பழைய மோடம் இருந்தால், மின்கழிவில் சேர்க்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். தேவைப்படுவது ஒரு சிறு பலகை, ஒரு மாற்றுச் சில்லு, மூன்று கம்பிகள், ஒரு பிற்பகல். முதலில் ‘ஏடி&வி’ கொடுத்து, வரும் வரிகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏடி&டபிள்யூ’ கட்டளையை மட்டும் எக்காரணத்தாலும் கொடுக்காதீர்கள்; அது பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தைப் பொறித்துவிடும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் இருப்பு எண்ணையும், மேலே பேனாவால் எழுதப்பட்ட தொலைபேசி எண் ஏதேனும் இருந்தால் அதையும் குறித்துவையுங்கள்.