போலந்தைப் பற்றி ஜெர்மானியர் எழுதியது

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் போலந்து என்றால் ஷோப்பேனும் மேரி கியூரியும்தான். ஜெர்மானியர் எழுதிய போலந்து வேறு என்பதை ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன்.

ஜெர்மன் மொழியில் ‘போலந்து நிர்வாகம்’ என்றால் குளறுபடி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய ஏளனச் சொல் அது. அதே காலத்தில்தான், 1772 முதல் 1795க்குள், பிரஷ்யாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்த நாட்டைக் கூறு போட்டு விழுங்கின. ‘ஆளத் தெரியாதவர்கள்’ என்ற பேச்சு அதற்கு வசதியாயிற்று. ஆனால் அவர்களோ 1791 மே 3ஆம் தேதியே எழுத்து வடிவில் அரசியல் சட்டம் இயற்றியவர்கள்!

1862இல் ட்ரைட்ஷ்கே என்ற வரலாற்றாசிரியர், கிழக்கே நாகரிகத்தைக் கொண்டு சென்றவர்கள் ஜெர்மானியரே என்று எழுதினார். பேச்சோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 1939 அக்டோபரில், போலந்து வீழ்ந்த கையோடு, தியோடர் ஷீடர் என்ற இளம் வரலாற்றாசிரியர் ஓர் அறிக்கை வரைந்தார். மேற்குப் பகுதிகளிலிருந்து போலந்து மக்களையும், நகரங்களிலிருந்து யூதர்களையும் அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம். போருக்குப் பின் அவரே ஜெர்மன் வரலாற்றாசிரியர் சங்கத் தலைவரானார். 1998இல்தான் சங்க மாநாட்டில் இதெல்லாம் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது.

ஆயுள் முழுதும் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். ஒரு வரிக் குறிப்பு ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும் என்பதை அறிவேன். அதனால்தான் அந்த அறிக்கை என்னை உறுத்துகிறது.

1972இல் இரு நாட்டு அறிஞர்களும் கூடிப் பாடநூல்களைத் திருத்தத் தொடங்கினார்கள். 2016இல் இரு மொழியிலும் ஒரே பாடநூல் வெளிவரத் தொடங்கியது. அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி எழுதும்போது அவரையும் அருகில் உட்கார வைத்துக்கொள்வதுதான் முறை.