குழந்தையின் கைக்குக் 'கரண்ட்' பிடித்தால் போதுமா?

பிரசவத்தின்போது தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுக் காயமடையலாம். குழந்தையின் ஒரு கை அசையாமல் கிடக்கும். ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றிரண்டில் இது நேர்கிறது.

மின்தூண்டல் சிகிச்சையை நம்மவர்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். அதைச் செய்தால் கை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பெற்றோரிடம் நான் பலமுறை கண்டிருக்கிறேன். இந்த உறவு பழையது. 1872இல் இக்காயத்தை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் டுஷென், மின்சாரத்தால் தசைகளைத் தூண்டுவதில் முன்னோடி.

தோலில் ஒட்டும் மின்வாய்கள் வழியே செல்லும் மெல்லிய மின்துடிப்பு தசையைச் சுருங்க வைக்கிறது. நரம்பு மீளும்வரை தசை மெலியாமல் காப்பதே நோக்கம். ஆனால் இக்குழந்தைகளில் அதன் பலனுக்கான ஆய்வுச் சான்று குறைவு. அறுந்த நரம்பை அது இணைக்காது.

நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறுகின்றன. மூட்டுகள் இறுகாதிருக்க, இயன்மருத்துவர் காட்டித்தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்வதே அடிப்படை.

3 மாதமாகியும் குழந்தை முழங்கையை மடக்காவிட்டால், சத்திரசிகிச்சை தேவையா என நிபுணர் பார்க்க வேண்டும். நீண்டகாலம் நரம்புத் தொடர்பின்றிக் கிடந்த தசை, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் இயங்காமல் போகலாம். கரண்ட் பிடிக்கிறோம்தானே என்று அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.