ஆண்டனி கொன்சால்வ்ஸ் என்றொருவர் இருந்தார்

1977-இல் வந்த ‘அமர் அக்பர் ஆண்டனி’ படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். ஈஸ்டர் விருந்து. பெரிய முட்டை ஒன்று திறக்க, கோட்டும் உயரத் தொப்பியுமாக அமிதாப் பச்சன் வெளியே வந்து, தன் பெயர் ஆண்டனி கொன்சால்வ்ஸ் என்று பாடுவார். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத என் மாமாக்கள்கூட கல்யாண வீட்டு கராவோக்கேயில் இந்தப் பாட்டை விடமாட்டார்கள்.

கதாசிரியர் எங்கிருந்தோ பிடித்த பெயர் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். உண்மையில் அப்படி ஒருவர் இருந்தார். வயலின் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், இந்திப் படப் பாடல்களுக்கு வாத்திய இசை எழுதினார். படத்துக்கு இசையமைத்த லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இருவரில் பியாரேலாலின் வயலின் ஆசிரியர் அவர். முதலில் யோசித்திருந்த குடும்பப்பெயர் ஃபெர்னாண்டஸ் என்பார்கள். அந்த இடத்தில் தன் ஆசிரியரின் பெயரை வைத்தவர் பியாரேலால். பிறகு பல பேட்டிகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

பியாரேலாலுக்கு இந்த நன்றி ஏன் தோன்றியது? அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் ஒரு சினிமாப் பாட்டு எப்படித் தயாரானது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

*

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். அது பாட்டின் உயிர், சந்தேகமில்லை. ஆனால் பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் வரும் முன்னிசை, சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசை, பாடகர் ஒரு சுரத்தில் நிற்கும்போது பின்னால் வயலின்கள் போகும் இன்னொரு பாதை என்று எல்லாவற்றையும் யாராவது எழுதியாக வேண்டும். வயலின், செல்லோ, ட்ரம்பெட், சாக்ஸஃபோன் வாசிப்பவர்கள் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். சிதார், தபேலா, டோலக் வாசிப்பவர்களில் பலர் காதால் கேட்டுப் பிடிப்பவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் ஒன்றாக ஓட வைக்க ஒரு ஆள் தேவை. அவர்தான் அரேஞ்சர். இரவில் உட்கார்ந்து தாள்களை எழுதுவார், காலையில் குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்துவார். பாடகரும் மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் பதிவாகும் காலம் அது. கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் திரும்ப முதலிலிருந்து.

பம்பாயில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். காரணம் எளிமையானது. கோவா 1961 வரை போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே தேவாலயத்தோடு சேர்ந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வயலினும் ஸ்டாஃப் நொட்டேஷனும் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தியாவின் வேறு பல இடங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த படிப்பு, அங்கே சாதாரணக் கிராமத்துப் பையனுக்கும் கிடைத்தது. படித்தவர்கள் வேலை தேடி பம்பாய்க்குப் போனார்கள், ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள். 1949-இல் பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. ஹோட்டல் இரவுகள் மங்க, பல வாத்தியக்காரர்களுக்கு சினிமா ஸ்டூடியோதான் சோறு போட்டது.

சிக் சாக்லேட் என்ற பெயரில் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர், சி. ராமச்சந்திராவோடு வேலை செய்தார். ‘அல்பேலா’ (1951) படத்தில் அவருடைய குழுவைத் திரையிலேயே பார்க்கலாம். செபாஸ்டியன் டிசூசா லாகூரில் ஹோட்டல் இசைக்குழு நடத்தியவர். பிரிவினைக்குப் பிறகு பம்பாய் வந்து, ஷங்கர் - ஜெய்கிஷன் இசையில் இருபது வருஷத்துக்கும் மேல் அரேஞ்சராக இருந்தார். அந்தப் பாடல்களில் பாடகரின் குரலை ஒட்டியும் விலகியும் ஓடும் வயலின் கூட்டத்தைக் கேட்டவர்களுக்கு அவர் கைவண்ணம் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் ‘உதவியாளர்கள்’ என்ற தலைப்பின் கீழ் தாள வாத்தியங்களைக் கவனித்த தத்தாராமின் பெயரோடு வரும்.

உதவியாளர். இந்த வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. நான் வேலை செய்யும் துறையில் ஒரு வரைபடத்தின் வலது மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்புதல் கொடுத்தவர் யார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பொடியன் வரைந்திருந்தாலும் அவன் பெயர் அங்கே இருக்கும். மரியாதைக்காக வைத்த கட்டமில்லை அது. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது என்பதற்காக வைத்தது. ஆனாலும் அது ஒரு உண்மையைப் பதிவு செய்துவிடுகிறது. ஐம்பதுகளின் பாட்டுக்கு அப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. எழுதிய தாள்களும் பதிவு முடிந்தபின் யாருக்கும் தேவைப்படாத காகிதங்கள்தான். பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன.

*

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தடங்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான குறிப்பையும் தன் கையாலேயே எழுதுகிறவர் அவர். அதனால் ‘இசை’ என்று டைட்டிலில் ஒரு பெயர் வந்தால், எல்லாமே அந்தப் பெயருக்குரியவர் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறோம். “ராஜா சார் எழுதுற மாதிரிதான எல்லாரும் எழுதுவாங்க?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். இல்லை. அவர் விதிவிலக்கு. அவருக்கு முன்னால் சென்னையிலும் பம்பாய் முறைதான். விஸ்வநாதன் - ராமமூர்த்தி படங்களின் டைட்டிலில் ‘உதவி’ என்று ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் பெயர்களைப் பார்க்கலாம். கோவர்த்தனம் ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்துக்குத் தனியாக இசையமைத்தவர். அந்தப் பாட்டுகளைக் கேட்டால், ‘உதவி’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய திறமை அடைந்துகிடந்தது என்று தெரியும். ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகரும் மலையாளப் படங்களில் பல இசையமைப்பாளர்களுக்கு அரேஞ்சராக இருந்தவர்தான். 1976-இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு மிஞ்சியது அவருடைய வாத்தியக் கருவிகள். அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது.

இதை வைத்துக்கொண்டு மறுபக்கம் சாயவும் கூடாது. “எல்லாம் செபாஸ்டியன் போட்டது, ஷங்கர் - ஜெய்கிஷன் சும்மா பேருக்கு” என்று பேசுகிறவர்கள் உண்டு. அது ஒரு அநியாயத்தை இன்னொரு அநியாயத்தால் சரிசெய்யும் வேலை. மெட்டு இல்லாமல் வயலின்களுக்குச் சுற்றிவர எதுவுமில்லை. ஒரு பாட்டை இருவர், மூவர் சேர்ந்து உருவாக்கினார்கள் என்று ஒத்துக்கொள்ள ஏன் இவ்வளவு சிரமப்படுகிறோம் என்பதுதான் கேள்வி.

*

ஆண்டனி கொன்சால்வ்ஸ் 1927-இல் தெற்கு கோவாவின் மஜோர்டா கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்தியவர். பையன் பதினாறு வயதில், 1943-இல், பம்பாயில் நவுஷாதின் குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்தான். பிறகு அரேஞ்சர். பாந்த்ராவில் இருந்த அவர் வீட்டுக்குப் படிக்க வந்தவர்களில் ஆர்.டி. பர்மனும் உண்டு, ட்ரம்பெட் கலைஞர் ராம்பிரசாத் சர்மாவின் மகன் பியாரேலாலும் உண்டு.

மற்ற அரேஞ்சர்களிலிருந்து ஆண்டனி ஓரிடத்தில் வேறுபட்டார். அவருக்கு ராகங்கள் மேல் பித்து. மேற்கத்திய வாத்தியக்குழுவை ராகங்களுக்காக எழுத வேண்டும் என்பது ஆசை. 1958-இல் சினிமா வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒரு சிம்பொனிக் குழு அமைத்து, பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் தன் படைப்புகளை அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினார்கள். அன்றைக்கு ஒரு நாளாவது அவர் யாருக்கும் உதவியாளராக நிற்கவில்லை.

சினிமா அதற்குக் காசு கொடுக்கவில்லை. 1965-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது ஸ்டூடியோக்களுக்குப் போகவில்லை. மஜோர்டாவுக்குப் போய் அமைதியாக இருந்துவிட்டார். ‘அமர் அக்பர் ஆண்டனி’ வந்தபோது அவர் சினிமாவை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த இருவர் கூட்டணியில் வாத்திய அமைப்பைக் கவனித்தவர் பியாரேலால். சின்ன வயதிலேயே ஸ்டூடியோவில் வயலின் வரிசையில் உட்கார்ந்தவர். சொந்தமாகப் படம் கிடைக்கும் முன் லக்ஷ்மிகாந்தும் அவரும் மற்ற இசையமைப்பாளர்களுக்கு அரேஞ்ச் செய்துகொடுத்திருக்கிறார்கள். ஆர்.டி. பர்மனின் முதல் படமான ‘சோட்டே நவாப்’ (1961) அதில் ஒன்று. டைட்டிலில் தன் பெயர் தனியாக வருவதற்கு என்ன விலை என்று தெரிந்தவர். அதனால்தான் மறக்காமல் நினைத்தார்.

ஆனால் அந்த நினைவுக்கு என்ன நடந்தது பாருங்கள். பெயர் கோடிக்கணக்கான பேர் வாயில் ஏறியது, கேலிப் பாட்டின் கேலி நாயகனாக. ஆண்டனி கொன்சால்வ்ஸ் என்றால் அமிதாப் என்று ஆகிவிட்டது. தன் பெயரைச் சொன்னால் கேட்டவர் சிரிக்கும் நிலைமையில்தான் அந்த ஆசிரியர் மிச்ச முப்பத்தைந்து வருஷமும் வாழ்ந்திருக்க வேண்டும். 2012 ஜனவரியில் தன் 84-ஆவது வயதில் காலமானார்.

பியாரேலாலைக் குறை சொல்லவில்லை. ஒரு மாணவனால் முடிந்த பெரிய மரியாதையை அவர் செய்தார். ஆனால் மாணவனின் நன்றி ஒரு கொடை. டைட்டிலில் செய்த வேலையின் சரியான பெயரோடு வருவது உரிமை. செபாஸ்டியனுக்கும் கோவர்த்தனத்துக்கும் ஹென்றி டேனியலுக்கும் கிடைக்க வேண்டியிருந்தது இரண்டாவது. இன்றைக்கு இணையத்தில் ஒரு பழைய பாட்டைத் தேடினால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் என்று எல்லாப் பெயரும் வரும். வயலின்களை எழுதியவர் பெயர் இப்போதும் வராது. இதைச் சரிசெய்ய ஸ்டூடியோ வேண்டாம், பணம் வேண்டாம். பழைய படத்தின் டைட்டிலை நிறுத்தி நிதானமாகப் படிக்கிற பொறுமை இருந்தால் ஆரம்பிக்கலாம்.

அடுத்த கல்யாணத்தில் மாமாக்கள் மைக்கை எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பாதியிலேயே “சரி சரி, பாட்டைப் போடு” என்பார்கள். பரவாயில்லை. பாட்டு ஓடும்போது வயலின் வரும் இடத்தைக் கையால் காட்டுவேன்.