கங்கை நுரை கண்டி வந்த கதை

கங்கைக் கரையில் அயோஜ்ஜா என்னும் ஊரில் தங்கியிருந்த புத்தர், ஆறு அடித்துக்கொண்டு வரும் ஒரு பெரிய நுரைத் திரளை எண்ணிப் பார்க்கும்படி பிக்குகளிடம் சொன்னார். உற்றுப் பார்ப்பவனுக்கு அதற்குள் சாரம் எதுவும் அகப்படாது. உருவம் அந்த நுரை. நுகர்ச்சி, மழைத்துளி விழுந்த நீரில் எழுந்து உடையும் குமிழி. குறிப்பு, உச்சிவெயிலில் தெரியும் கானல். பாவனை, வாழைமரம்: வைரம் பாய்ந்த மரம் தேடிக் கோடரியோடு காட்டுக்குப் போனவன் அதை வெட்டிச் சாய்த்து மட்டை மட்டையாக உரிக்கிறான்; வைரம் கிடக்கட்டும், வெளிறுகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. அறிவு, நாற்சந்தியில் வித்தைக்காரன் காட்டும் மாயம். 'நான்' என்று நாம் கொள்ளும் இந்த ஐந்து கந்தங்களும் மணிமேகலை படித்தவர்களுக்குப் பழக்கமானவையே.

பாளி நூல்தொகுதிகளுள் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் உள்ள இந்த நுரைச் சூத்திரம், உலகம் மெய்யா வெறும் தோற்றமா என்று இன்று கணினி உலகம் கேட்கும் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் பெரும்பகுதி கண்டியைச் சுற்றியே போகிறது.

முதல் சில நூற்றாண்டுகள் அது எழுத்தில் இல்லை. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் நிகாயம் நிகாயமாகப் பங்கிட்டு மனப்பாடம் செய்து காத்தார்கள். கூடி ஓதும்போது ஒருவர் தவறினால் பக்கத்தில் இருப்பவரின் குரல் திருத்திவிடும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மகிந்த தேரரோடு இந்த ஓதல் இலங்கைக்கு வந்தது.

கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் அது அறுந்துபோகப் பார்த்தது. தென்னிந்தியப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம், அவற்றோடு கொடும் பஞ்சம். மன்னன் வட்டகாமணி அபயன் அரசிழந்து ஒளிந்திருக்க, தமிழர் ஐவர் அடுத்தடுத்து அனுராதபுரத்தை ஆண்டார்கள். பிக்குகள் பலர் கடல் கடந்தார்கள். தங்கிவிட்ட அறுபது பேர் இலையும் கிழங்கும் தின்று ஓதலைத் தொடர்ந்ததாகப் பாளி உரைகள் சொல்கின்றன. உட்காரத் தெம்பில்லாதபோது மணலைக் குவித்துத் தலையைச் சாய்த்துப் படுத்தபடியே ஓதினார்கள். மகாநித்தேசம் என்ற நூலை அறிந்தவர் அந்நாளில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஒழுக்கம் கெட்டவர். அவரிடமே போய்ப் பாடம் கேட்டு நூலை மீட்டார்கள். பஞ்சம் தணிந்தபின், பௌத்த சாசனத்துக்கு வேர் கல்வியா ஒழுக்கமா என்று பிக்குகளுக்குள் வாதம் எழுந்தது. கல்வி என்ற கட்சி வென்றது.

வட்டகாமணி காலத்தில் போதனை ஏடேறியது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சாலையில், மாத்தளையை அடுத்த அளுவிகாரைக் குகைகளில் அது நடந்தது என்பது மரபு. ஏடு செய்யும் வேலையை இன்றும் அங்கே பார்க்கலாம். தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து நறுக்குகிறார்கள். எழுத்தாணி கீறிய இடத்தில் முதலில் ஒன்றும் சரியாகத் தெரியாது. கரித்தூளும் பிசின் எண்ணெயும் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி எழுத்து கறுத்து எழும்.

ஆனால் ஏடு ஈரத்துக்கும் பூச்சிக்கும் இரை. படியெடுக்க ஆள் இல்லாவிட்டால் நூல் செத்துவிடும். கண்டி அரசில், பிக்குகளுக்கு முழுத் துறவு அளிக்கும் உபசம்பதை மரபே அற்றுப்போயிருந்தபோது, மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலில் சியாமிலிருந்து பிக்குகளை அழைத்து 1753-இல் அதை மீட்டான். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அளுவிகாரையின் நூலகம் அழிந்தது. நூல் அழியவில்லை, பிரதிகள் வேறு விகாரைகளிலும் வேறு நாடுகளிலும் இருந்தன. பர்மாவின் மிண்டொன் மன்னன் பௌத்த நூல்தொகை முழுவதையும், அதாவது திரிபிடகத்தை, மண்டலையில் 729 பளிங்குப் பலகைகளில் வெட்டுவித்தான். 1881-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பாளி நூற் சங்கம் அதை ரோமன் எழுத்தில் அச்சிட்டது.

பிறகு கண்டி மறுபடி வருகிறது. 1958-இல் இங்கே பௌத்த வெளியீட்டுச் சங்கம் தொடங்கியது. நிறுவியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் பிறந்த ஞானபொனிக தேரர். தலதா மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தைக் காட்டில் வாழ்ந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாளி கற்பித்துவிட்டுத் துறவு பூண்ட கட்டுகுருந்தே ஞானநந்தரின் 'மனத்தின் மாயவித்தை' என்ற ஆங்கில நூலை இச்சங்கம் 1974-இல் வெளியிட்டது. நாற்சந்தி வித்தைக்காரனை அதில் அவர் விரிவாக எடுத்துக்கொள்கிறார். கூட்டம் வாய்பிளந்து பார்க்கிறது. ஒருவன் மட்டும் மேடைக்கு மறைவில் நின்று தந்திரத்தைப் பார்த்துவிடுகிறான். அவனை வித்தை இனி மயக்காது.

1990-களில் திரிபிடகம் கணினிக்குள் போனது. இலங்கையின் புத்த ஜயந்திப் பதிப்பு மின்னெழுத்தானது. மகாராஷ்டிரத்தின் இகத்புரி விபாசனா நிலையம் பர்மியப் பதிப்பை இறுவட்டாக்கியது. சில ஆண்டுகளிலேயே, 2003-இல், ஆக்ஸ்ஃபோர்டின் மெய்யியலாளர் நிக் பாஸ்ட்ரம், உலகம் மெய்யா என்ற அந்தக் கேள்வி பற்றிய தம் வாதத்தை வெளியிட்டார். தம் முன்னோரின் வாழ்வைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் திறனை எட்டுமுன் மனித இனங்கள் அழிந்துவிடும். அல்லது எட்டினாலும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். இரண்டும் இல்லையென்றால், நாமே அப்படியொரு ஓட்டத்துக்குள் இருப்பது ஏறத்தாழ உறுதி.

பாஸ்ட்ரமின் வாதம் நம் உலகுக்கு வெளியே ஒரு கணினியைத் தேடுகிறது. நுரைச் சூத்திரம் வெளியே போகவே இல்லை. எதை 'நான்' என்று இறுகப் பிடித்திருக்கிறாயோ அதை உரித்துப் பார் என்கிறது. அதில் சாரம் இல்லை என்று கண்டவன் விடுபடுவான் என்பதே அதன் முடிவு.

அதை நம்பியவர்கள் நடந்துகொண்ட விதம் இன்றைய விவாதத்துக்கும் ஒரு பதில். உடம்பு வெறும் நுரை என்று ஓதிய அதே வாய்கள், அந்த ஓதலில் ஓர் அசை குறையக்கூடாது என்று பட்டினியோடு போராடின. சாரமில்லாத உலகம் என்பது அவர்களுக்குக் கையை உதறிக்கொள்ளக் காரணமாகவில்லை. அடுத்தவன் துன்பத்திலிருந்து மீளும் வழியை அழியாமல் ஒப்படைக்கும் கடமையாயிற்று. நம் உலகம் ஒரு கணினியின் ஓட்டம்தான் என்று நாளை நிறுவப்பட்டாலும், பசித்தவன் பசி ஒரு கவளமும் குறையாது, அவனுக்குச் சோறிட வேண்டிய நம் பொறுப்பும் குறையாது.