ஸ்தோத்திரக் காணிக்கை

தமிழ்ச் சீர்திருத்த சபைகளில், பெற்ற நன்மைக்காகக் கடவுளுக்கு நன்றியாகப் படைக்கப்படும் காணிக்கை. இதன் வேர் லேவியராகமம் 7ஆம் அதிகாரம் விவரிக்கும் ஸ்தோத்திர பலியில் உள்ளது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்கு அளவு உண்டு, இதற்கு இல்லை. பிறந்தநாள், திருமண நாள், சுகப்பிரசவம், தேர்வில் தேர்ச்சி, நோய் நீங்கியது என எதுவும் காரணமாகலாம். காரணத்தை உறையின் மேல் எழுதிக் கொடுப்பார்கள். சில சபைகளில் ஆயர் அதை வாசித்து ஜெபிப்பார். தொகையையும் சேர்த்து வாசிக்கும் வழக்கம் நன்றியைப் போட்டியாக்கிவிடும் என்ற குறை நியாயமானதே.

அன்றாட வாழ்வோடு நெருங்கியது கைப்பிடி அரிசி. உலை வைக்குமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் கொடுப்பாள். கையில் காசு புழங்காத வீட்டுப் பெண்ணும் தன் பொறுப்பில் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார், பூசணி, சேவல், முட்டை எல்லாம் பீடத்தருகே குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே தேங்காயைப் பலர் மாறிமாறி எடுத்துத் திரும்பக் கொடுப்பதால் அதன் விலை சந்தை விலையைப் பன்மடங்கு தாண்டும். ஆங்கிலிக்கன் சபைகளில் இப்பண்டிகையின் இன்றைய வடிவம், 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் நடத்திய அறுவடை ஆராதனையிலிருந்து பரவியது.

கத்தோலிக்கர் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர். வேளாங்கண்ணியில் பக்தர்கள் செலுத்திய நேர்ச்சைப் பொருட்களுக்கெனத் தனிக் காட்சியகமே உள்ளது.